பெட்டிக்குள் கிடக்கும் நேரியலும் ஒற்றை ஜிமிக்கியும்: பழையதில் நகையும் உடையும் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. எந்த வீட்டின் பழைய பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சாமான்தான். கசவு (ஜரிகைக் கரை) மங்கிய முண்டும் நேரியலும் (முண்டோடு மேலே போடும் துணி), மடிப்பில் விட்டுப்போன பட்டுப் புடவை, ஜோடி தொலைந்த ஜிமிக்கி, பச்சைக்கல் உதிர்ந்த பாலக்கா மாலை, கையால் பின்னிய லேஸ் வைத்த தலையணை உறை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு இரண்டு பக்கமும் திருவிதாங்கூர் ராஜ்யமாகவும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாகவும் ஒன்றாகவே இருந்ததால், இந்த ஊர்ப் பெட்டிகளில் தமிழ்நாட்டுப் பட்டும் கேரளக் கசவும் ஒன்றின் மேல் ஒன்றாகவே கிடக்கும். பழைய பொருளைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்ய நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

தொடங்கும்முன் ஒரே ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். முழுசாக இருப்பதை வெட்ட வேண்டாம். உடுத்தக்கூடிய நேரியலை உடுத்துங்கள், போடக்கூடிய மாலையைப் போடுங்கள். கிழிந்தது, அறுந்தது, ஒற்றையாகிப் போனது ஆகியவையே ஒரு வருஷ வேலைக்குத் தாராளமாகக் காணும். கைத்தறியில் நெய்த ஒரு முழுத்துணியை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை.

முதல் வேலை: பிரித்து வைப்பது

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக ஒரு வெள்ளை வேட்டியை விரித்து எல்லாவற்றையும் அதன்மேல் பரப்புங்கள். மூன்று குவியல் போடுங்கள். முழுசாக இருப்பவை ஒன்று. இவை திரும்பப் பெட்டிக்குப் போகும். சேதப்பட்டும் வலு குறையாதவை ஒன்று. வலு போனவை ஒன்று. உங்கள் வேலை இரண்டாவது குவியலில் தொடங்குகிறது. மூன்றாவதையும் எறிய வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். "பாட்டி, இது யாருக்க கெட்டுக்கு (கல்யாணத்துக்கு) எடுத்தது?" என்று கேட்டு, பதிலைச் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதித் துணியோடு குத்தி வையுங்கள். இது வெறும் ஆசைக்காகச் சொல்லவில்லை. எந்தத் துணி எத்தனை காலமாக மடிப்பில் கிடக்கிறது, எது அடிக்கடி வெளுப்புக்குப் போனது என்பது தெரிந்தால் எதை நம்பித் தைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

சில சாமான்கள் எந்தக் குவியலிலும் சேராது. புலிநகம் வைத்த மாலை, யானைத் தந்த வளையல், தந்த மணி, ஆமையோட்டுச் சீப்பு இவை பெட்டியில் இருந்தால் நகையாக மாற்றவும் கூடாது, விற்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் கடுமையானது. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சங்கு, சோழி வாங்கும்போதும் கவனம் வேண்டும். பவளப்பாறைத் துண்டுகளும் சில வகைச் சங்குகளும் 2001 முதல் அதே சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்திருக்கின்றன.

திருவிதாங்கூர்க் காசுகளும் இந்தப் பக்கம் நிறையக் கிடைக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று கணக்கு. நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அதில் துளை போட்டால் மதிப்பும் போய்விடும். காசை டாலராக்க வேண்டுமென்றால் கம்பியால் நான்கு பக்கமும் கூடு கட்டி அதற்குள் உட்கார வையுங்கள். நாளைக்குக் கழற்றினால் காசு அப்படியே இருக்கும். இப்போது புழங்கும் நாணயத்தை வெட்டுவதும் உருக்குவதும் சட்டப்படி குற்றம்.

துணியின் வலுவைப் பார்ப்பது

புதிதாக வருகிறவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிவிடுகிற கட்டம் இது. தைத்து முடித்த பிறகு, போட்டுக்கொண்டு கையைத் தூக்கும்போது கிழிந்தால் மொத்த உழைப்பும் வீண்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இழை விலகிய இடம், பூச்சி அரித்த ஓட்டை, பொடிப்பொடியாக வெளிச்சம் வருகிற மடிப்பு எல்லாம் தெரியும். அந்த இடங்களைச் சுற்றித் துணிச் சாக்குக்கட்டியால் வட்டம் போடுங்கள். அப்புறம் இரண்டு கட்டைவிரலாலும் துணியைப் பிடித்து மெல்ல இழுங்கள், பாவு வாக்கில் (நீளவாக்கில்) ஒரு தடவை, ஊடை வாக்கில் (குறுக்குவாக்கில்) ஒரு தடவை. பருத்தி பெரும்பாலும் தாங்கும். பட்டு ஏமாற்றும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், இழுத்தால் சர்ரென்று பிளக்கும். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். அதனால் மடிப்புக் கோட்டுக்கு நடுவே உள்ள கட்டங்களைத் தனித்தனித் துண்டாகக் கணக்குப் போடுங்கள். ஒரு புடவையில் அப்படி எத்தனை நல்ல கட்டம் தேறுகிறது என்று பார்த்த பிறகே என்ன தைப்பது என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது ஜரிகை. அசல் ஜரிகையில் உள்ளே பட்டு நூல், பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சள் சாயம் ஏற்றியது. அதைச் சுற்றித் தட்டையாக அடித்த மெல்லிய வெள்ளிக் கம்பி. அதன்மேல் தங்க முலாம். அடுத்த தரத்தில் வெள்ளிக்குப் பதில் செம்பு. கடைசி வகை, உலோகப் பூச்சுக் கொடுத்த பிளாஸ்டிக் இழை. கரையின் உள்பக்கத்தில் தளர்ந்த ஓர் இழையை உருவி, குண்டூசி முனையால் கீறிப் பாருங்கள். உலோகச் சுருள் பிரிந்து உள்ளே பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. அதே இழையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வெள்ளி வெளுப்பாகவும் செம்பு சிவப்பாகவும் தெரியும். தீயில் காட்டினால் பிளாஸ்டிக் உடனே சுருங்கி உருண்டு போகும், உலோகம் இழையாகவே நிற்கும். ஓர் இழைக்கு மேல் எரிக்கத் தேவையில்லை.

வெள்ளி ஜரிகை என்று தெரிந்துவிட்டால், பழைய பட்டை எடைக்கு எடுக்க வருகிறவரிடம் உடனே கொடுத்துவிட வேண்டாம். அவர்கள் துணியை எரித்து வெள்ளியை மட்டும் பிரித்தெடுப்பார்கள். கரை கையகலம் நல்லபடி இருந்தாலும், அது இன்னொரு உடையில் நீண்ட காலம் வாழும்.

சுத்தம் செய்வது

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் ஐப்பசி மழையிலும் பழைய துணியை நனைத்தால் காயாமல் பூஞ்சை பிடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

பழைய முண்டு மஞ்சளிப்பதில் கஞ்சிக்குப் பெரிய பங்கு உண்டு. கஞ்சி போட்டே மடித்து வைத்த துணியைத் தேடித்தான் துணி அரிக்கும் வெள்ளிநிறப் பூச்சியும் வரும். முதலில் வெறும் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீர் பழுப்பாக இருக்கும். கொட்டிவிட்டுத் திரும்ப ஊறவையுங்கள். தண்ணீர் தெளியும்வரை இதுதான் வேலை. அதன் பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரிலோ மென்மையான சோப்பிலோ அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டுக்குள் சுருட்டி அமுக்கி, நிழலில் விரித்துப் போடுங்கள். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் வேலை செய்யும், ஆனால் கசவு பக்கத்தில் புளிப்பு எதையும் கொண்டு போகக்கூடாது. குளோரின் பிளீச்சைத் தொடவே வேண்டாம். வலு குறைந்த பட்டை நனைக்காமல், மெல்லிய வலைத்துணியை மேலே விரித்து அதன் வழியாகத் தூசியை மட்டும் எடுங்கள்.

நகையில் முக்கியமான விஷயம், எதைத் தண்ணீரில் போடக்கூடாது என்பது. நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகை புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளியில் அடித்து, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, சிவப்புக் கெம்பும் பச்சையும் பதிப்பார்கள். ஒரு காலத்தில் சாமிக்குச் செய்தது, பிறகு பரதநாட்டியக்காரர்களுக்கும் வந்தது. ராக்கொடி, நெற்றிச்சுட்டி, சூரியன் சந்திரன் என்று உடைந்த உருப்படிகள் பழைய நாட்டியப் பெட்டிகளில் கிடைக்கும். இந்த மாதிரி நகையில் கல்லுக்குப் பின்னால் அரக்கு இருக்கும். தண்ணீர் இறங்கினால் கல் கறுத்துப்போகும், சூடு பட்டால் அரக்கு இளகிக் கல் விழும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி, பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கல் ஆடினால் நீங்களே பசை வைக்காமல் வடசேரி ஆசாரிமார் யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.

கல் இல்லாத பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. கவரிங்கைப் புளியில் போட்டால் முலாம் கழன்றுவிடும், அதைத் துடைப்பதோடு நிறுத்துங்கள். முத்துக்கு ஈரத்துணி மட்டும்.

கருவிகள்

தொடக்கத்துக்கு அதிகம் வேண்டாம். உருண்டை மூக்குக் குறடு, தட்டை மூக்குக் குறடு, கம்பி வெட்டும் குறடு. 22 கேஜ், 24 கேஜ் பித்தளைக் கம்பி. கியர் வயரும் (மணி கோர்க்கிற, மேலே பூச்சுள்ள மெல்லிய உலோகக் கம்பி) அதை நசுக்கிப் பிடிக்கும் சின்ன மணியும். வளையம், கொக்கி, காதுக் கம்பி. துணிக்கு நல்ல கத்தரி (காகிதம் வெட்டும் கத்தரியைத் துணிக்கு எடுக்காதீர்கள்), 9, 11 எண் மெஷின் ஊசி, மெல்லிய குண்டூசி, இஞ்சு டேப். திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற பெயருள்ள பஜாரில் நடந்தால் இவை எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும், மணியும் சல்லிசாக இருக்கும்.

முதல் நகை: கசவு மணிமாலை

எதைச் செய்து பழகுவது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கிழிந்த நேரியலின் துண்டும் அறுந்த மாலையின் ஓர் உருப்படியும் ஒன்றாகச் சேர்கிற நகை இது. வலு போன துணியையும் இதில் பயன்படுத்தலாம், ஏனென்றால் எடையைத் தாங்குவது துணி இல்லை, உள்ளே ஓடும் நூல்.

12 மில்லிமீட்டர் மரமணிக்கு ஐந்தரை சென்டிமீட்டர் அகலத் துணி வேண்டும். ஒரு மீட்டர் நீளம் எடுங்கள். கரையின் கசவு, துண்டின் நடுவே நீளவாக்கில் ஓடும்படி வெட்டினால் ஒவ்வொரு மணியின் முகத்திலும் கசவு வரும். நல்ல பக்கம் உள்ளே போகும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்திலிருந்து 7 மில்லிமீட்டர் தள்ளித் தைத்துக் குழாயாக்குங்கள். ஒரு முனையில் சேஃப்டி பின்னைக் குத்தி உள்வழியாகத் தள்ளித் திருப்புங்கள். வெட்டும்முன் உங்கள் மணியைத் துணியில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். மணி பெரிதாக இருந்தால் அகலமும் கூடவேண்டும்.

இனி உறுதியான நூலில் ஒரு மணியைக் கோர்த்துக் குழாய்க்குள் தள்ளுங்கள். மணி நடுப்பகுதிக்கு வந்ததும் இரண்டு பக்கமும் மெழுகு தேய்த்த நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அடுத்த மணி, அடுத்த கட்டு. நடுவிலிருந்து இரண்டு பக்கமாகப் போனால் மாலை சமமாக வரும். நடு மணிக்குப் பக்கத்துக் கட்டில் ஒரு வளையத்தை நுழைத்து, அதில் பாலக்கா உருப்படியோ ஒற்றை ஜிமிக்கியோ தொங்கவிடுங்கள். வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனையையும் விலக்கி இழுக்காதீர்கள், ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருப்புங்கள். விலக்கித் திறந்த வளையம் திரும்ப ஒழுங்காக மூடாது. பழைய உருப்படியில் கொண்டி உடைந்திருந்தால் பற்றவைக்கப் போகாமல், 22 கேஜ் கம்பியில் புதுக்கொண்டி வளைத்துக் கட்டிவிடுங்கள். கடைசியில் இரண்டு பக்கமும் மீதிக் குழாயையே பின்னால் முடிச்சுப் போட விட்டுவிடலாம்.

பழைய கண்ணாடி மணிகளைக் கோர்ப்பது கொஞ்சம் வேறு. துளையின் ஓரம் கூராக இருந்து நூலை அறுக்கும். அதற்குக் கியர் வயர்தான் சரி. இரண்டு முனையிலும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முத்துக்குப் பட்டுநூல், ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. அறுந்தாலும் ஒன்றுதான் விழும், முத்தோடு முத்து உரசவும் செய்யாது.

காதணி செய்கிறவர்களுக்கு: பழைய காதுக் கம்பியைக் கழற்றிவிட்டு 92.5 வெள்ளியிலோ நல்ல ஸ்டீலிலோ புதிது போடுங்கள். பழைய கவரிங்கில் இருக்கும் நிக்கல் பலருக்குக் காதில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். பழைய மலிவு நகைகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு அதில் எதுவும் செய்யக்கூடாது.

முதல் உடை: கரை வைத்த குர்த்தா

பழைய துணியில் மட்டுமே முழு உடையைத் தைப்பது பிறகு வரட்டும். முதலில் புதுப் பருத்தித் துணியில் பழைய கரையை வைத்துப் பழகுங்கள். புதுத்துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். பலமுறை வெளுத்த கரை சுருங்கி முடித்துவிட்டது. புதுத்துணி இனிமேல்தான் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே கரை புடைத்துக்கொண்டு நிற்கும்.

காகிதத்தில் அளவு வெட்டி, அதைப் பழைய துணியின்மேல் நகர்த்தி நகர்த்தி வையுங்கள். சாக்குக்கட்டி வட்டங்கள் வெளியே விழவேண்டும். கரையோடு ஓர் அங்குலம் சாதாத் துணியும் சேர்த்து வெட்டுங்கள், அதுதான் மடித்துத் தைக்க இடம். குண்டூசி குத்தி, கையால் நீளமான ஓட்டுத் தையல் போட்டு, பிறகு மெஷினில் ஓரத்தை ஒட்டி ஓட்டுங்கள். 11 எண் ஊசி. கசவுமேல் நேராக இஸ்திரி வைக்க வேண்டாம், ஒரு பருத்தித் துணியை இடையில் போடுங்கள்.

பட்டு என்றால் வெட்டும்முன் பின்பக்கம் தாங்கு கொடுங்கள். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸ் கிடைக்கிறது. மிதமான சூட்டில், தேய்க்காமல் அமுக்கி அமுக்கி ஒட்டவேண்டும். ஒட்டுவது பிடிக்காதவர்கள் மெல்லிய மல் துணியைப் பின்னால் வைத்துக் கட்டம் கட்டமாகக் கையால் தைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், நாளைக்குப் பிரிக்க முடியும். பழைய பட்டில் இறுக்கமான ரவிக்கை தைக்காதீர்கள். கைக்குழியிலும் முதுகிலும் இழுபடும். தளர்வான மேல்சட்டை, துப்பட்டாக் கரை, பை, பாவாடைத் துண்டுகள் இவற்றுக்குப் பட்டைக் கொடுங்கள்.

லேஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் லேஸ் பின்னலைத் தொடங்கி வைத்தவர் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார், 1820-களில். திண்டின்மேல் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் பின்னுவது அந்த முறை. பல தலைமுறைப் பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் தந்த வேலை அது. பெட்டியில் லேஸ் துண்டு கிடைத்தால் அதை ஒரு கைவேலைக்காரியின் முழு உழைப்பாக மதித்துத் தொடுங்கள். வெள்ளைத் துணியின்மேல் வைத்து ஓட்டுத் தையல் போட்டுவிட்டு, துணியோடு சேர்த்தே தண்ணீரில் அலசினால் வடிவம் கலையாது. இந்த லேஸை வெட்டினால் நூல் நூலாகப் பிரியும். வெட்டவேண்டிய கோட்டுக்கு இரண்டு பக்கமும் முதலில் நெருக்கமாகத் தைத்துவிட்டு, நடுவில் வெட்டுங்கள். அதற்கும் முன்னால், வெட்டாமலே மடித்து வளைத்துக் காலராகவோ கைமுனையாகவோ வைக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். மெஷின் வேண்டாம், கையால் எம்மிங் போதும்.

விற்கப் போகிறவர்களுக்கு

உருப்படியோடு ஒரு சீட்டு வையுங்கள். எது பழையது, எது புதிது, உலோகம் என்ன, தண்ணீர் படலாமா என்று நாலு வரி. பரிசோதிக்காத ஜரிகையை வெள்ளி என்று எழுதக்கூடாது. விலை போடும்போது சுத்தம் செய்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். தைக்கிற நேரத்தைவிடப் பல சமயம் அதுதான் அதிகம். குளச்சல், கன்னியாகுமரி மாதிரிக் கடலோரத்துக்குப் போகிற பித்தளை நகை உப்புக்காற்றில் சீக்கிரம் கறுக்கும். அதனால் பஞ்சு வைத்து, காற்றுப் புகாத உறையில் போட்டுக் கொடுங்கள்.

யாராவது தங்கள் வீட்டு நேரியலையோ பட்டையோ கொண்டுவந்து மாற்றித் தரச்சொன்னால், வாங்கியதும் விரித்துப் படம் எடுங்கள். கிழிசல்களை அவர்களுக்கும் காட்டுங்கள். காகித அளவைத் துணியின்மேல் வைத்து, கத்தரி எந்த வழியாகப் போகும் என்று விரலால் ஓட்டிக் காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு வெட்டுங்கள். வேலை முடிந்து கொடுக்கும்போது மிச்சத் துண்டுகளையும் உருவிய ஜரிகை இழைகளையும் ஒரு துணிப்பையில் கட்டிக் கூடவே கொடுத்துவிடுங்கள். அது அவர்களுடைய வெள்ளி.